தண்ணி பிரியாத கஞ்சி

அங்க வேண்டாம்னா கேக்கணும். கையை நீட்டிக்கிட்டே இருந்தா நான் என்ன செய்ய, இந்தச் சக்கர நாற்காலி ரெண்டு கையால தள்ளுனாலே மேட்டுல ஏற மாட்டேங்கு, இதுல தோள்ல பை வேற, பைக்குள்ள தண்ணியக் கெட்டியாக்குற பவுடர் டின், ரெண்டு சின்ன ஸ்பூன், துண்டு, ஆஸ்பத்திரி நம்பர் எழுதுன அட்டை, இதெல்லாம் இல்லாம கட்டுன மனுசன வாசல் தாண்டிக் கூட்டிட்டு வர முடியுமா. மணி பன்னெண்டு ஆச்சு. பன்னெண்டே முக்காலுக்கு எலெனி லானோட கஞ்சிக் கடைக்கு வந்துருவா. எலெனின்னா இவுக தொண்டைக்கும் பேச்சுக்கும் வைத்தியம் பாக்க வாரந்தவறாம வீட்டுக்கு வர்ற பொண்ணு, கிரேக்கத்துக்காரங்க வீட்டுப் பொண்ணு, நல்ல பிள்ளை, அதனாலதான் எனக்குப் பயமே. கெட்ட பிள்ளைன்னா எதையாவது சொல்லி ஏமாத்திட்டுப் போயிரலாம். இன்னைக்கு அவ ஒரு கேள்வி கேப்பா, அதுக்கு நான் பதில் சொல்லணும். சவத்த, அது வரும்போது வரட்டும். இவுகளுக்கு வலது கை விழுந்து கெடக்கு, நல்லா இருக்கது இடது கைதான், அது இப்ப ரொட்டிக் கடையப் பாத்து நீளுது. வியட்நாம்காரன் ரொட்டி, கடிச்சா மேல் தோலு பொடிப்பொடியாச் சிதறும், உள்ள பன்னி எறச்சி, மொளகா, மல்லித்தழை, ஒரு காலத்துல வாரத்துக்கு மூணு தின்னுட்டு வீட்டுக்கு வந்து எனக்குப் பசிக்கலன்னு சொல்லுவாவ. இப்ப அந்தத் தோல்ல ஒரு துணுக்கு போதும். ஒரே ஒரு துணுக்கு, ஆள அடைச்சுப் போட்டுரும். "இல்லங்க, இப்ப முடியாது"ன்னேன். "சவம்"னாவ. ரொட்டியச் சொன்னாவளா என்னையச் சொன்னாவளான்னு தெரியல, எதுவா இருந்தாலும் நான் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

மார்ச்சு மாசம் பக்கவாதம் வந்து விழுந்ததுக்குப் பெறவு இன்னைக்குத்தான் இவுக இந்தத் தெருவப் பாக்காவ. இப்ப ஆகஸ்டு, மெல்பர்ன் குளிரு காதுக்குள்ள போய்க் குத்துது, மப்ளரச் சுத்தி விட்டா அவுத்துப் போடுதாவ. இருபத்தாறு வருசம் இந்த ஃபுட்ஸ்க்ரேயில வீடு வீடா, கடை கடையாத் தபால் போட்டவுக. பெட்டிக்குள்ள கையை விடும்போதே உள்ள எந்த அடுப்புல என்ன கெடக்குன்னு மூக்கு சொல்லிரும்பாவ. ஊர்ல இருந்து புதுசா வந்து எறங்குற நம்ம பயலுவ எல்லாம் வீடு பாக்குததுக்கு முந்தி ஞானதிரவியம் அண்ணாச்சிக்குத்தான் போன் போடுவானுவ, அண்ணாச்சி எங்கன நல்லா சாப்பிடலாம்னு. இவுக கடை பேரோட நிறுத்த மாட்டாவ, கிழமையும் மணியும் சேத்துச் சொல்லுவாவ. எலும்பு சூப்புக்குப் பதினோரு மணிக்கு முந்திப் போ, மத்தியானம் போனா தண்ணி ஊத்தி நீட்டிருப்பான். எத்தியோப்பியாக்காரி கடைக்குப் புதனும் வெள்ளியும் போ, அன்னைக்கு அவங்களுக்கு நோன்பு, கறி கெடையாது, ஆனா பருப்பு வைப்பா பாரு. பஞ்சாபிக் கடைக்குச் செவ்வாக்கிழமை போயிராத, அன்னைக்குச் சமையக்காரனுக்கு லீவு, மொதலாளி மச்சான் கிண்டுவான். எல்லாம் இவுக தலைக்குள்ளதான் இருந்துச்சு, ஒரு தாள்ல எழுதி வச்சதில்ல. எழுதி வைங்கன்னு நான் எத்தனையோ தரம் சொன்னேன். ஏட்டி, எனக்கு எதுக்குத் தாளு, நான் என்ன சாகவா போறேன்னாவ. சாகலதான். ஆனா அந்தத் தலைக்குள்ள இருந்ததுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும், திறந்து பாக்கவா முடியும். இப்ப இந்தத் தெருவுக்கு நான் வேற ஒரு கணக்கு வச்சிருக்கேன். ருசியப் பாத்துப் போட்ட கணக்கு இல்ல, தொண்டையப் பாத்துப் போட்டது. எலும்பு சூப்பா, ஆகாது, தண்ணி தனி நூடுல்ஸ் தனி, தண்ணிதான் முதல்ல மூச்சுக்குழாய்க்குள்ள ஓடும். பிரியாணி, ஆகாது, பருக்கை உதிரும். தோசைக் கடை, ஓரம் மொறுமொறுங்கும், ஆகாது. கரும்புச் சாறு, அய்யோ, அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

எத்தியோப்பியாக்காரி வாசல்ல நிக்கா. இவுகளப் பாத்ததும் ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு ஓடி வாரா. அவ கடையில கடலை மாவக் கரைச்சுக் கொழகொழன்னு ஒண்ணு வைப்பா, அத முன்னமே ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன், அது போகும், தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போகும், ஆனா அதத் தொட்டுத் திங்கிற அப்பம் இருக்கே, புளிச்ச மாவு, பஞ்சு மாரி, அது மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டா யாரு உள்ள விரல விட்டு எடுக்கது. அப்பம் இல்லாம அத மட்டும் குடுன்னா அவ மனசு நோகும், இவுகளுக்கும் கோவம் வரும். அதனால லான் கடைக் கஞ்சின்னு முடிவு பண்ணேன். "எப்படி இருக்கீங்க, எங்க போயிட்டீங்க இத்தனை மாசம்"னு இவுக கையப் பிடிச்சுக்கிட்டு அவ கேக்கா, இவுக வாயத் திறந்தாவ, நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "போ"ன்னாவ. போன்னு சொல்லிட்டு அவ கைய விடாமச் சிரிக்காவ. நல்லவேளை. போங்கிறது பழைய வார்த்தை, ஏப்ரல்ல வந்தது. நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சா, வண்டியத் திருப்பிட்டு வந்துட்டேன்.

இத நான் யார்கிட்டச் சொல்ல. பதினோரு வார்த்தை வந்திருக்கு இதுவரைக்கும். எலெனி ஒவ்வொண்ணையும் தேதி போட்டு நோட்டுல எழுதுவா. முதல்ல வந்தது சவம். அதுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டா, அது ஒரு செல்லப் பேரு எலெனின்னு சொல்லி வச்சேன், அவளும் இவுகளப் பாத்துச் சவம் சவம்னு சொல்லிச் சிரிச்சா, எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் என்னடா இப்படி வாய் கூசாமப் பொய் வருதேன்னு. பெறவு இல்ல வந்துச்சு, போ வந்துச்சு, தபால் வந்துச்சு, மக பேரு ஷெரின் வந்துச்சு. அது வந்த அன்னைக்கு ஷெரின் பிரிஸ்பேன்ல இருந்து போன்ல அழுதா, நானும் அழுதேன், எல்லாரும் கைதட்டுனோம். அன்னைக்கு நான் தூங்கல. ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் அடுத்தது என்னையக் காட்டிக் குடுக்க வருமோன்னு எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். எந்த வார்த்தை எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது வயலட், ஒரு வாசனை போதும், ஒரு தெரு போதும், பழகுன இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா கதவு தெறந்துக்கும்னு எலெனி சொன்னா. இந்தத் தெருவத் தவிர இவுகளுக்கு வேற என்ன பழகுன இடம். அதான் கூட்டிட்டு வந்திருக்கேன், கூட்டிட்டு வந்துட்டு ஒவ்வொரு வாசல்லயும் சாமி வராதே வராதேன்னு கும்புட்டுக்கிட்டுப் போறேன். எந்தப் பொண்டாட்டியாவது புருசனுக்குப் பேச்சு வரக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுவாளா. நான் பண்ணுதேன். மூதி நான்.

ஆஸ்பத்திரியில ஒம்பதாம் நாள் அது. கட்டிலுக்கு மேல போர்டு தொங்குச்சு, வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு. எனக்கு வாசிக்கத் தெரியாதா, பாளையங்கோட்டையில கான்வென்ட்டுல படிச்சவ நான். வாசிச்சேன், நல்லா வாசிச்சேன், அது சாப்பாட்டுக்குப் போட்ட போர்டுன்னு நினைச்சேன். ரசம் சாப்பாடா? காய்ச்சக்காரனுக்கு ரசம், பிள்ளை பெத்தவளுக்கு ரசம், ஆப்பரேசன் பண்ணி வந்தவனுக்கு ரசம், எங்க வீட்டுல எவன் படுத்தாலும் நல்லமொளகும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு ரசம் வச்சு, தெளிவ மட்டும் இறுத்து ஊதி ஊதிக் குடுத்தா எந்திரிச்சு உக்காருவான், அது எங்களுக்கு மருந்து, மருந்தக் குடுக்காதன்னு எந்த ஆஸ்பத்திரியிலயாவது போர்டு போடுவாங்களா. ஒம்பது நாளா ஒரு வாய் ஒண்ணும் போகாம மனுசன் ஒட்டிக் கெடக்காவ. பேச்சுங்கிறது அப்ப சுத்தமாக் கெடையாது, ஒரு சத்தம் வராது, தலை ஆட்டத் தெம்பு கெடையாது, கண்ணு மட்டும் முழிச்சு முகட்டப் பாத்துக்கிட்டு இருக்கும். நர்ஸு அந்தப் பக்கம் போனா. பிளாஸ்க்கத் தெறந்தேன். அந்த வாசம் அறை பூரா போச்சு, இவுக கண்ணு என் பக்கம் திரும்புச்சு. ஒரு தம்ளரு. ஸ்பூன் ஸ்பூனா, பைய, பொறுமையா. ஒரு இருமல் இல்ல, ஒரு விக்கல் இல்ல, ஒரு சொட்டு வெளிய வடியல, அவ்வளவு அழகாக் குடிச்சாவ. நான் மனசுக்குள்ள ஸ்தோத்திரம் சொன்னேன். பெறவுதான எலெனி சொன்னா, இருமுனா நல்லது வயலட், தொண்டை காவல் காக்குதுன்னு அர்த்தம், இருமாம உள்ள போகுது பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும்னு. அவ அதச் சொல்லும்போது நான் அவளுக்கு டீ ஊத்திக்கிட்டு இருந்தேன், தம்ளரு நிறைஞ்சு வழிஞ்சு கைய சுட்டதுகூடத் தெரியல.

அன்னைக்குச் சாயந்தரமே காய்ச்சல். நுரையீரல்ல சளி கட்டிருச்சுன்னு ஐசியூவுக்குக் கொண்டு போயிட்டாங்க, பன்னெண்டு நாள் வாயில மூச்சுக் குழாயோட. என்ன ஆச்சு, வாய் வழியா எதாவது போச்சான்னு நர்ஸு கேட்டா. இல்லன்னேன். சின்ன டாக்டர் கேட்டான், இல்ல. பெரிய டாக்டர் கேட்டாரு, ஷெரின் பக்கத்துல நின்னா, பிளேன்ல இருந்து எறங்குன உடுப்போட, அப்பா கால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னா, அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன், உங்க அப்பனுக்கு நான்தான் குடுத்தேன்னு. இல்லன்னேன். மூணு தரம். ஒண்ணும் போகலன்னா பெறவு எப்படி, அப்ப இவரு எச்சிலே உள்ள போகுது, அப்படின்னா ரொம்ப மோசம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. வாய மூடி வயித்துல ஓட்டை போட்டு ரப்பர் குழாய் வச்சாங்க. அஞ்சு மாசம். நாளைக்கு நாலு தரம் பால் மாரி ஒண்ண அந்தக் குழாய்ல நான்தான் ஊத்துதேன். இந்தத் தெருவுல தொள்ளாயிரம் கடை ஏறி எறங்குன நாக்க அஞ்சு மாசம் நான் பூட்டி வச்சிருக்கேன், ஒரே ஒரு இல்லைய வச்சு. நான் வீட்டுல தாளிக்கதில்ல. கறிவேப்பில வாசம் இவுக மூக்குக்குப் போயிரும்னு பிரெட்டும் வாழப்பழமும் தின்னு கெடக்கேன். மூணு வாரமாத்தான், தொண்டையப் படம் எடுத்துப் பாத்துட்டு, கொழகொழன்னு எதையாவது ஒரு சின்னக் கிண்ணம் குடுத்துப் பாருங்கன்னு எலெனி தொடங்கியிருக்கா. போன வாரம் போகும்போது செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா: வயலட், குழாய எடுக்கதுக்கு நான் வெள்ளிக்கிழமை டாக்டருக்கு எழுதணும், அந்தக் காய்ச்சல் எச்சில்னால வந்திருந்தா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டும்பாங்க, வேற காரணம் இருந்தா அடுத்த மாசமே எடுத்துரலாம், ஃபைல்ல காரணம் தெரியலன்னு இருக்கு, நல்லா யோசிச்சு வைங்க, புதன்கிழமை கடையில வச்சுக் கேக்கேன். யோசிக்க என்ன இருக்கு. ஆறு நாளா யோசிக்கேன்.

லான் கடை. கதவுல மணி அடிச்சதும், "மிஸ்டர் போஸ்ட்மேன்!"னு உள்ள இருந்து சத்தம், லான் ஓடி வந்தா, எங்க வயசுதான் அவளுக்கும், முடியக் குட்டையா வெட்டிக்கிட்டு, ஏப்ரன்ல கையத் தொடைச்சுக்கிட்டு. நேத்தே போன்ல சொல்லிட்டேன், கோழிய அரைச்சுப் போடு, வெங்காயம் தூவாத, இஞ்சி வேண்டாம், முக்கியமா தண்ணி தனியாப் பிரியக் கூடாது, கெட்டியா ஒண்ணா இருக்கணும்னு. எனக்குத் தெரியும், எங்க அம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் வச்சுக் குடுத்தேன்னா லான். கடைசியிலங்கிற வார்த்தைய அவ சும்மாதான் சொன்னா, எனக்குத்தான் அது காதுல நிக்கி. மூலையில உக்கார வச்சேன், முதுகு நிமுத்தி, தலையணை வச்சு, துண்டு கட்டி. துண்டு கட்டுததுக்குக் குனிஞ்ச அந்த ஒரு நிமிசம். லான் பழக்கத்துல எல்லா மேசைக்கும் வைக்கது மாரி சின்னக் கோப்பையில டீ வச்சுட்டுப் போயிட்டா. வெறும் தண்ணி மாரி டீ. நிமுந்து பாத்தா இடது கையில கோப்பை, வாய்க்கு ஒரு சாண். ஏ யப்பா, நான் பாய்ஞ்ச பாய்ச்சல்ல பாதி டீ என் சேலையில, மீதி மேசையில, பக்கத்து மேசை ஆளுவ எல்லாம் திரும்பிப் பாக்காங்க. பிடுங்கிட்டேன். இவுக என்னையப் பாத்த பார்வை. கெழவிய ஏசுத பார்வை இல்ல, பிச்சைக்காரன் தட்டுல இருந்து எடுத்தவளப் பாக்கது மாரி. அன்னைக்கு நானே ஊட்டுனேன், இன்னைக்கு நானே பிடுங்குதேன். இத எங்க போய்ச் சொல்லி அழ.

கஞ்சி வந்துச்சு. ஆவி பறக்குது, வெள்ளையா, வழவழன்னு. ஸ்பூனால கிண்டிப் பாத்தேன், ஓரத்துல தண்ணி நிக்கலை. உதட்டுல வச்சுச் சூடு பாத்தேன். "தலையக் குனிஞ்சு நாடியக் கீழ வைங்க"ன்னேன். வச்சாவ. அரை ஸ்பூன். வாய் மூடுச்சு, கன்னம் அசைஞ்சுச்சு, தொண்டையில முடிச்சு மேல ஏறி எறங்குச்சு. ஒண்ணு. இன்னொரு தரம் முழுங்குங்க. ரெண்டு. நான் அஞ்சு எண்ணுனேன், பத்து எண்ணுனேன். ஆன்னு சொல்லுங்க. "ஆ." குரல்ல ஈரம் கேட்டா தப்பாப் போயிருக்குன்னு எலெனி சொல்லியிருக்கா, தண்ணிக்குள்ள இருந்து வர்றது மாரி இருக்கா, இல்ல, காஞ்சுதான் இருக்கு, இல்ல லேசா ஈரமா, இன்னொரு தரம் சொல்லுங்க. "ஆ." காஞ்சிருக்கு. நானா முடிவு பண்ணுதேனா. அன்னைக்கும் நானாத்தான முடிவு பண்ணேன். ரெண்டாவது ஸ்பூன். மூணாவது. நாலாவது ஸ்பூன்ல கண்ண மூடிக்கிட்டாவ, மூடுன கண்ணு ஓரத்துல தண்ணி எறங்குச்சு, நான் ஸ்பூனக் கீழ வச்சுட்டேன், என்ன செய்யுது, வலிக்கா, அடைக்கா, உள்ள போயிட்டா. பெறவு கண்ணத் தெறந்து கிண்ணத்தப் பாத்து, மூஞ்சியச் சுளிச்சு, ரொம்ப நேரம் உதட்டக் குவிச்சுக் குவிச்சுப் பாத்து, "உப்பு"ன்னாவ. உப்பு பத்தலையாம். பன்னெண்டாவது வார்த்தை. கொறை சொல்லுத வார்த்தை. சிரிக்க வேண்டியவ நான், எலெனி வந்துட்டாளான்னு வாசலப் பாக்கேன். உப்பு வந்துட்டு. அடுத்து புளி வரும். பூண்டு வரும். நல்லமொளகு வரும். ஒண்ணொண்ணா அடுக்களையில இருந்து எறங்கி வந்துக்கிட்டே இருக்கு, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு, எலெனி நோட்டத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது, ஷெரின் போன்ல இருக்கும்போது. வரட்டும்னு ஒரு மனசு. அவுகளே சொல்லிட்டா நான் சொல்ல வேண்டாம்ல. அதையும் அந்த மனுசன் தலையிலயே கட்டப் பாக்கியா, கோட்டிக்காரி. கஞ்சி ஆறிக்கிட்டு வருது. ஓரத்துல ஒரு நூல் அளவுக்குத் தண்ணி கூடுது, நான் அதக் கிண்டி விடுதேன், திரும்பக் கூடுது, திரும்பக் கிண்டுதேன்.

மணி அடிச்சுச்சு. எலெனி. சைக்கிள் தொப்பியக் கழட்டிக்கிட்டே வந்து உக்காந்தா, மூக்கு செவந்து போச்சு குளிருல. "எப்படிப் போகுது?"ன்னா. உப்பு பத்தலையாம்னேன், புது வார்த்தைன்னேன், கைதட்டிட்டு நோட்டுல எழுதுனா. ரெண்டு விரல இவுக தொண்டையில வச்சுக்கிட்டு மூணு ஸ்பூன் பாத்தா. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னா. பெறவு டாக்டருக்கு எழுதுற ஃபாரத்த எடுத்து மேசையில வச்சா. டீ சிந்துன ஈரத்துல அதோட மூலை நனையுது, அவ கவனிக்கல, நான் பாத்துக்கிட்டு இருக்கேன், ஈரம் தாள்ல ஏறுது, ஏறுது. சொல்லலன்னா ஆறு மாசம். அடுத்த பிப்ரவரி வரைக்கும் அந்தப் பால். சொன்னா என்ன செய்வாங்க, போலீசுக்குச் சொல்லுவாங்களா, ஷெரின் என்ன சொல்லுவா, இவுகளக் கூட்டிட்டுப் போயிருவாளா, ஒனக்குப் பாத்துக்கத் தெரியல அம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே, நான் செத்தேன். சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. இவுகளுக்குத் தெரியும். தெரியுமா? அந்தக் கண்ணு அன்னைக்கு என் பக்கம் திரும்புச்சே, அதுக்குள்ள ஆளு இருந்தாவளா இல்லையா. பெரிய டாக்டர்கிட்ட நான் இல்லன்னு சொல்லும்போது இவுக மயக்கத்துலதான இருந்தாவ. இருந்தாவளா. ஆறு மாசம்னா நூத்தி எம்பது நாளு, நாளைக்கு நாலு தரம். இவுகளுக்கு அறுபத்தெட்டு வயசு. இனி எத்தனை கஞ்சி, எத்தனை ரொட்டி மிச்சம் இருக்குன்னு யாரு கண்டா, அதுலயும் ஆறு மாசத்த நான் எடுத்துக்கிடவா. இன்னொரு ஸ்பூன இவுக வாயில வச்சேன், எலெனி பேனா மூடியத் தெறக்கா. "வயலட், யோசிச்சீங்களா? அன்னைக்கு வாய் வழியா எதாவது போச்சா?" சாதாரணமாத்தான் கேட்டா, மழை வருமான்னு கேக்கது மாரி.

"போச்சு"ன்னேன்.

அவ நிமுந்து பாத்தா.

"ரசம். மொளகுத் தண்ணி. ஒரு தம்ளரு. நான்தான் குடுத்தேன். போர்டப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். கேட்டப்ப இல்லன்னு சொன்னேன், மூணு தரமும்." என் குரல் எனக்கே கேக்கல, ஆனா அவளுக்குக் கேட்டுட்டு. பேனாவ மேசையில வச்சா. "ஏன் வயலட்... அது தெரிஞ்சிருந்தா இந்த அஞ்சு மாசம்..." நல்ல பிள்ளை, ஏசக்கூடத் தெரியல. அவ இவுகளப் பாக்கா. நான் இவுகளப் பாக்கல. எப்படிப் பாப்பேன். கிண்ணத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன், ஓரத்துல தண்ணி நல்லாவே பிரிஞ்சுட்டு, கிண்டி விடக் கை வரல.

பட்டுன்னு மேசையில ஒரு அடி. கோப்பை குதிச்சுச்சு. இவுக இடது கை. வாய்க்குள்ள கஞ்சி இருக்கு, நான் ஊட்டி இன்னும் முழுங்கல, அதோட உதட்டப் பிதுக்கி எதையோ தள்ளப் பாக்காவ, கழுத்து நரம்பெல்லாம் எந்திரிச்சு நிக்கி. "ஐ"ன்னாவ. கைய எடுத்து நெஞ்சுல வச்சு, "ஐ... ஆஸ்க்."

எலெனி எந்திரிச்சே நின்னுட்டா. மார்ச்சுல இருந்து இவுக வாயில இங்கிலீசு ஒரு வார்த்தை வந்ததில்ல, அவளுக்குக் கை காலு ஓடல. "நீங்க கேட்டீங்களா? ரசம் வேணும்னு நீங்கதான் கேட்டீங்களா?" இவுக தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுதாவ, கஞ்சி நாடியில வடியுது. "ஐ ஆஸ்க்." நெஞ்சத் தட்டித் தட்டிக் காட்டுதாவ.

"இல்ல எலெனி, அவுக கேக்கல"ன்னேன். அன்னைக்கு இவுகளுக்கு ஏது பேச்சு, ஒரு விரல அசைக்க முடியாமக் கெடந்த ஆளு என்னத்தக் கேட்டாவ. திரும்பவும் மேசையில அடி. "ஆஸ்க்!" இருபத்தாறு வருசம் நாயக் கண்டு மெரட்டுன அந்தப் பழைய தபால்காரன் குரலு. அடுப்படியில இருந்து லான் எட்டிப் பாக்கா. எலெனி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. பெறவு உக்காந்து, ஈரமான தாள அவ சட்டையில ஒத்தி எடுத்து, எழுதுனா. தலைகீழா வாசிச்சேன். நோயாளி கேட்டதால் மனைவி கொடுத்திருக்கிறார், எச்சில் காரணம் அல்ல, குழாயை எடுக்கப் பரிந்துரைக்கிறேன்.

"என்னங்க பொய் இது"ன்னு தமிழ்ல கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். இவுக என்னையப் பாத்தாவ. இத்தனை மாசத்துல எங்க மக பேரு வந்துச்சு, என்னையக் கூப்பிட ஒண்ணும் வரல, வேண்டான்னே விட்டுட்டாவன்னு நினைச்சிருந்தேன். "ஏட்டி"ன்னாவ.

அதுக்கு மேல என்னமோ சொல்ல வாயத் தெறந்தாவ, நாக்கு மேல கஞ்சி அப்படியே நிக்கி. "முதல்ல அத முழுங்குங்க, வாய்க்குள்ள சோத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு"ன்னு அதட்டுனேன். அதட்டும்போதே எனக்கு அழுகை வந்துட்டு.